ஆறு மாதமும் ஐந்து நாளும்

குடியாத்தம் சட்டமன்றத் தொகுதிக்கு, 2016 மே முதல் 2021 மே வரையிலான ஐந்தாண்டுக் காலத்தில், ஏறத்தாழ 34 மாதங்கள் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தகுதி நீக்கம் செய்த பதினெட்டு உறுப்பினர்களில் எங்கள் தொகுதியின் உறுப்பினரும் ஒருவர். அந்தக் காலியிடத்துக்கு 2019 ஏப்ரல் 18 அன்றுதான் இடைத்தேர்தல் நடந்தது. முடிவு மே 23 அன்று வந்தது. அதில் வென்ற எஸ். காத்தவராயன் ஓராண்டைக்கூட நிறைவு செய்யாமல் 2020 பிப்ரவரி 28 அன்று காலமானார். அதற்குப் பிறகு இடைத்தேர்தலே நடக்கவில்லை. 2021 பொதுத்தேர்தலின் முடிவு வரும்வரை நாற்காலி காலியாகவே கிடந்தது.

நான் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் தேர்தல் பயிற்சி வகுப்புகளுக்குப் போவதும், வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இரவெல்லாம் கண்விழித்து உறைகளுக்கு அரக்கு வைப்பதும் எங்களைப் போன்றவர்களுக்குப் பாடம் நடத்துவதைப் போலவே பழகிப்போன வேலை. எனக்குக் கட்சி கிடையாது. இந்தப் பதிவை எந்தக் கட்சியின் பொருட்டும் எழுதவில்லை. இடைத்தேர்தல் எப்போது நடக்க வேண்டும் என்று சொல்லும் விதிகளையும், தபால் வாக்கு எப்போது வந்து சேர வேண்டும் என்று சொல்லும் விதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு கோணல் கண்ணில் படுகிறது. காலக்கெடு விஷயத்தில் வாக்காளரிடம் இவ்வளவு கறாராக இருக்கும் சட்டம், தேர்தலை நடத்துகிறவர்களிடம் அவ்வளவு கறாராக இருப்பதில்லை. எங்கள் ஊரும் எங்கள் வேலூர் மாவட்டமும் அதற்குச் சாட்சியாக இருப்பதால், இதை இங்கிருந்தே சொல்ல முடிகிறது.

முதலில் இடைத்தேர்தல். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996-இல் சேர்க்கப்பட்ட 151ஏ பிரிவு, ஓர் இடம் காலியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்கிறது. அதற்கு முன்பு சட்டத்தில் இப்படி ஒரு கெடுவே இல்லை. கெடு வைத்த அதே பிரிவு இரண்டு விலக்குகளையும் வைத்திருக்கிறது. அந்த உறுப்பினரின் பதவிக்காலத்தில் மீதியிருப்பது ஓராண்டுக்கும் குறைவு என்றால் தேர்தல் வேண்டாம். மத்திய அரசுடன் கலந்தாலோசித்த பிறகு, குறித்த காலத்துக்குள் தேர்தல் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் சான்றளித்தாலும் வேண்டாம். முதல் விலக்கு நாள்காட்டியைப் பார்த்துச் சொல்லக்கூடியது. இரண்டாவது அப்படியல்ல. எது கடினம், எவ்வளவு கடினம், எதுவரை கடினம் என்பதையெல்லாம் சட்டம் சொல்லவில்லை.

குடியாத்தம் இரண்டு முறை அடிபட்டது. 2017-இல் காலியிடம் விழுந்தவுடன் வழக்கு வந்தது; இடைத்தேர்தல் அறிவிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. 2018 ஜூன் 14 அன்று இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு வழங்கியதால் வழக்கு மூன்றாவது நீதிபதியிடம் போய், அவர் அக்டோபர் 25 அன்று தகுதி நீக்கம் செல்லும் என்றார். அந்தத் தீர்ப்பிலிருந்து எண்ணினால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் வந்துவிட்டது. இடம் காலியான நாளிலிருந்து எண்ணினால் பத்தொன்பது மாதம். நீதிமன்றத்தில் கிடந்த காலத்துக்கு ஆணையத்தைக் குறை சொல்வது நியாயமாகாது என்பதால் இதை இத்துடன் விட்டுவிடலாம்.

2020-இல் நடந்ததை அப்படி விட முடியவில்லை. காத்தவராயன் காலமானபோது பேரவையின் காலம் முடிய ஓராண்டுக்கும் மேல் இருந்தது. ஆகவே முதல் விலக்கு பொருந்தாது. ஆறு மாதக் கெடு ஆகஸ்ட் இறுதியில் முடிய வேண்டும். கொரோனா பரவலைக் காரணம் காட்டி ஆணையம் தேர்தலைத் தள்ளிவைத்தது. குடியாத்தத்துடன், அதற்கு ஒரு நாள் முன்பு உறுப்பினரை இழந்த திருவொற்றியூரும் காத்திருந்தது. அந்தக் கோடையில் தேர்தல் நடத்தியிருக்க முடியாது என்பதை ஊரடங்கைப் பார்த்த யாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அதே ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் பீகார் மாநிலம் முழுவதற்கும் மூன்று கட்டமாகப் பொதுத்தேர்தல் நடந்தது. நவம்பர் 3 அன்று மத்தியப் பிரதேசத்தில் 28 தொகுதிகளுக்கு ஒரே நாளில் இடைத்தேர்தல் நடந்தது. அங்கே வாக்குச்சாவடி வாசலில் வெப்பமானியும் கையுறையும் வைத்து முடிந்த காரியம், எங்கள் ஊர் கவுண்டன்யா ஆற்றின் இரு கரையிலும் மட்டும் முடியாமல் போனதற்கு இங்குள்ள வாக்காளர்களுக்கு ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதி ஒட்டியிருக்கலாம். மாநில அரசு இயலாது என்றது, ஆணையம் சரி என்றது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

இதே குடியாத்தத்துக்கு இடைத்தேர்தல் என்பது ஒரு காலத்தில் பெருமைக்குரிய சொல். 1954 ஏப்ரல் 13 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்ற காமராஜர் அப்போது சட்டமன்ற உறுப்பினர் அல்ல. அவர் அந்த ஆண்டே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த குடியாத்தத்தில் இடைத்தேர்தலில் நின்று வென்று அவைக்குள் போனார். அவரை விரட்டிய காலக்கெடு வேறு. உறுப்பினரல்லாத ஒருவர் அமைச்சராக ஆறு மாதம்தான் இருக்க முடியும் என்று அரசியல் சாசனத்தின் 164-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் கெடுவைத் தள்ளிவைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. 2021-இல் கொரோனா இன்னும் அடங்காத நிலையிலும் மேற்கு வங்கத்தின் பவானிபூரில், உறுப்பினராக இல்லாமலேயே முதலமைச்சராகியிருந்த மம்தா பானர்ஜி நின்ற இடைத்தேர்தல் செப்டம்பர் 30 அன்று நடந்ததற்கும் இந்த ஆறு மாதம்தான் காரணம். ஆக, பதவியில் இருக்கும் ஒருவருக்கு நாற்காலி தேவைப்படும்போது ஆறு மாதம் என்பது ஆறு மாதமாக இருக்கிறது. ஒரு தொகுதிக்கு உறுப்பினர் தேவைப்படும்போது அது நெகிழ்ந்து கொடுக்கிறது. ஆணையம் நினைத்தால் எவ்வளவு விரைவாக நடத்த முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது: ஈரோடு கிழக்கில் 2023 ஜனவரி 4 அன்று இடம் காலியானது, பிப்ரவரி 27 அன்று வாக்குப்பதிவே முடிந்துவிட்டது.

தேதி குறிக்கும் வரைதான் இந்த நெகிழ்ச்சி. அறிவிக்கை வெளியாகிவிட்டால் அதன் பிறகு நாள்கள் கடிகாரம் போல ஓடும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி, அறிவிக்கை வந்த நாளுக்குப் பின் ஏழாம் நாள் வேட்புமனு தாக்கலுக்குக் கடைசி நாள், மறுநாள் பரிசீலனை, பரிசீலனைக்குப் பின் இரண்டாம் நாள் மனுவைத் திரும்பப் பெறக் கடைசி, இவற்றில் எது பொது விடுமுறையில் விழுந்தாலும் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளும். மனுக்களைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்குப் பின் பதினான்காம் நாளுக்கு முன்பாக வாக்குப்பதிவு நடக்கக் கூடாது. வேலூர் மக்களவைத் தொகுதிக்கு 2019-இல் நடந்த தேர்தலை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் ஒரு நாள்கூட வீணாகவில்லை என்பது தெரியும். ஜூலை 11 அறிவிக்கை, 18 மனுத்தாக்கல் முடிவு, 19 பரிசீலனை, இரண்டாம் நாளான 21 ஞாயிற்றுக்கிழமை என்பதால் 22 அன்று திரும்பப் பெறுதல், அங்கிருந்து சரியாகப் பதினான்காம் நாள், ஆகஸ்ட் 5 அன்று, வாக்குப்பதிவு. அன்றுதான் காஷ்மீரின் சிறப்புத் தகுதி நீக்கப்பட்டது. நாடு முழுவதும் தொலைக்காட்சியில் டெல்லியைப் பார்த்துக்கொண்டிருக்க, ஆம்பூர், வாணியம்பாடி, அணைக்கட்டு, கே.வி. குப்பம் வரிசைகளில் எங்கள் ஆட்கள் அடையாள அட்டையோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்தத் தேர்தல் ஏன் ஆகஸ்டில் நடந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். மற்ற தொகுதிகளோடு ஏப்ரல் 18 அன்று நடக்கவேண்டியதை, காட்பாடிப் பக்கம் ஒரு சிமெண்ட் கிடங்கில் வருமான வரித் துறையினர் 11 கோடி ரூபாய்க்கும் மேல் கைப்பற்றியதை அடுத்து, ஆணையத்தின் பரிந்துரையின் பேரில் ஏப்ரல் 16 அன்று குடியரசுத் தலைவர் ரத்து செய்தார். பணப் பட்டுவாடாவுக்காக ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது அதுவே முதல் முறை. குடியரசுத் தலைவர் எதற்கு என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. மக்களவைப் பொதுத்தேர்தலுக்கு 14-ஆவது பிரிவின் கீழ் அறிவிக்கை விடுகிறவர் அவர். விட்டவர்தான் திரும்பப் பெற வேண்டும். இடைத்தேர்தல் என்றால் அறிவிக்கை ஆணையத்தின் கையிலேயே இருக்கிறது. அதனால்தான் 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை ஆணையமே ரத்து செய்ய முடிந்தது. கலவரத்துக்கும் இயற்கைப் பேரிடருக்கும் வாக்குப்பதிவைத் தள்ளிவைக்கச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் ஒரு பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் இறந்தால் ஒரு பிரிவு இருக்கிறது. பணத்துக்கென்று பிரிவு இல்லை. அரசியல் சாசனத்தின் 324-ஆவது பிரிவையும், ஓர் உத்தரவைப் போட்டவருக்கே அதைத் திரும்பப் பெறும் அதிகாரமும் உண்டு என்னும் பொதுக்கூறுகள் சட்டத்தின் 21-ஆவது பிரிவையும் இணைத்துத்தான் இதைச் செய்கிறார்கள். ரத்தான தேர்தலை எத்தனை நாளுக்குள் மறுபடி நடத்த வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. இடம் காலியாகவில்லை, நிரப்பப்படவே இல்லை என்பதால் ஆறு மாதக் கணக்கும் இதற்குப் பொருந்தாது.

இதில் ஒரு வேடிக்கை, குடியாத்தமும் ஆம்பூரும் வேலூர் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கியவை. இந்த இரண்டின் சட்டமன்ற இடைத்தேர்தல் மட்டும் ஏப்ரல் 18 அன்று திட்டமிட்டபடி நடந்தது. ஒரே சாவடி, ஒரே வரிசை, ஒரே வாக்காளர். எம்.எல்.ஏ.வுக்கு வாக்களிக்க அவர் தகுதியானவர், எம்.பி.க்கு வாக்களிக்க மட்டும் சூழல் கெட்டுப்போயிருந்தது. அதற்குள் தபாலில் பதிவாகியிருந்த மக்களவை வாக்குகளுக்கு வேலை இல்லாமல் போனது. தேர்தல் பணியில் இருந்தவர்கள் ஆகஸ்டுக்கு மறுபடி புதிதாகப் படிவம் கொடுத்தார்கள். தேர்தல் கால மாதிரி நடத்தை விதிகளும் மார்ச் முதல் மே வரை ஒரு சுற்று, ஜூலையில் மறுபடி ஒரு சுற்று வந்தன. பொய்கைச் செவ்வாய்ச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனவர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் இடுப்பில் முடிந்திருந்தால் பறக்கும் படைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சந்தையில் எந்த வியாபாரி ரசீது கொடுப்பார் என்று அந்த விதியை எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

இனித் தபால் வாக்கு. 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தும் விதிகள், சாவடிக்கு வராமல் வாக்களிக்கும் உரிமையைச் சிலருக்கு மட்டும் தருகின்றன. ராணுவத்திலும் துணை ராணுவத்திலும் இருப்போர், வெளிநாட்டில் பணிபுரியும் அரசு ஊழியர், தேர்தல் பணியில் இருப்போர், தடுப்புக் காவலில் இருப்போர் ஆகியோர் பழைய பட்டியல். 2019 அக்டோபரில் முதியோரும், 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறன் உடையோரும், அத்தியாவசியப் பணியாளர்களில் அறிவிக்கப்பட்டோரும் சேர்ந்தார்கள். முதியோர் என்பதற்கு அப்போது 80 வயது. 2024 மார்ச்சில் அது 85 ஆயிற்று. தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலில்தான் இது பரவலாக நடைமுறைக்கு வந்தது. இதை எதிர்த்துத் தி.மு.க. தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மார்ச் மாதத்தில் தள்ளுபடி செய்தது.

பெங்களூரில் கட்டட வேலைக்கும் தொழிற்சாலைக்கும் போயிருக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் எதுவும் கிடையாது. ரயிலேறி வந்துதான் வாக்களிக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும் வங்காளத்து, ஜார்க்கண்டு நோயாளிகளுக்கும் அவர்களுடைய ஊர்த் தேர்தல் அப்படியே கடந்து போய்விடும்.

முதியோர் வாக்குக்கான படிவத்தின் பெயர் 12டி. தேர்தல் அறிவிக்கை வெளியான நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் அது தேர்தல் நடத்தும் அலுவலரின் கைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஆறாம் நாள் கொண்டுபோனால் எண்பத்தேழு வயதானாலும் சாவடிக்குத்தான் வர வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு அறிவிக்கை மார்ச் 20. கடைசி நாள் மார்ச் 25. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு தேடி வந்து படிவம் கொடுப்பார் என்பது ஏற்பாடு, பெரும்பாலும் வருகிறார்கள். ஆனால் மகள் வீட்டில் ஒரு வாரம், மகன் வீட்டில் ஒரு வாரம் என்று இருக்கும் வயதானவர்களுக்கு ஐந்து நாள் என்பது மிகக் குறைவு. கடினம் என்று சான்றளித்துக் கெடுவை நீட்டும் அதிகாரம் அவர்களுக்கு யாரும் தரவில்லை.

நெல்லூர்பேட்டையில் இருக்கும் என் பெரியம்மா 2024-இல் இப்படித்தான் வீட்டிலிருந்து வாக்களித்தார். நான் அருகில் இருந்தேன். ஆனால் மறைப்பு அட்டை வைத்தபோது வாசலுக்கு அனுப்பப்பட்டேன். இரண்டு அலுவலர்கள், ஒரு காவலர், ஒரு வீடியோ எடுப்பவர், பின்னால் இரு கட்சிகளின் முகவர்கள் என்று ஒரு சிறு கூட்டமே திண்ணையில் ஏறியது. பழைய தறிக்குழியை மூடிய பலகையின் மேல் அட்டையை நிறுத்தினார்கள். வரிசை எண்ணைச் சரிபார்த்து, உறுதிமொழிப் படிவமான 13ஏ-வில் வாக்குச்சீட்டின் எண்ணை எழுதிப் பெரியம்மாவிடம் கையெழுத்து வாங்கி, அலுவலரே சான்றொப்பமிட்டார். பேனாவால் குறியிட்ட சீட்டை 13பி என்ற சிறு உறையில் போட்டு ஒட்ட வேண்டும். அந்த உறையின் மேலும் அதே எண். ஒட்டிய சிறு உறையையும் தனியாக 13ஏ படிவத்தையும் 13சி என்ற பெரிய உறைக்குள் வைத்து, அதையும் ஒட்டிக் குழுவின் பெட்டியில் போட வேண்டும். பெரியம்மா கோந்து காயும்வரை உறையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா, அந்தப் பொட்டி கீச்சுனு கத்துமே, இது கத்தாதா? நான் போட்டது போச்சானு எப்படித் தெரியும்?" என்று அந்தப் பெண் அலுவலரைக் கேட்டார். "போயிடும் பாட்டி, நாங்க பாத்துக்கறோம்" என்று பதில் வந்தது. கேள்வி நியாயமானது. இயந்திரத்தில் பொத்தானை அழுத்தியவரின் வாக்கு அந்த நொடியே கணக்கில் ஏறிவிடுகிறது. தபால் வாக்கு, எண்ணும் மேசையில் தேர்வெழுதித் தேற வேண்டும்.

அந்தத் தேர்வு எப்படி என்பதை விளக்கினால்தான், ஒவ்வொரு தேர்தலிலும் இவ்வளவு தபால் வாக்குகள் ஏன் செல்லாமல் போகின்றன என்பது புரியும். எண்ணும் நாள் காலை 8 மணிக்கு முன்பு வந்து சேராத உறை திறக்கப்படவே மாட்டாது. வந்த நேரத்தைக் குறித்துத் தனியே கட்டி வைத்துவிடுவார்கள். நேரத்துக்கு வந்தவற்றில் முதலில் 13சி திறக்கப்படும். உள்ளே 13ஏ இல்லையா, கையெழுத்து இல்லையா, சான்றொப்பம் சரியில்லையா, அதில் உள்ள எண்ணும் 13பி உறையின் மேல் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லையா, எது குறைந்தாலும் சிறு உறை பிரிக்கப்படாமலேயே தள்ளுபடி ஆகும். யாருக்கு வாக்களித்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் வாக்களிக்கவில்லை என்று ஆகிவிடும். இந்தச் சோதனையைக் கடந்தவற்றில்தான் 13பி பிரிக்கப்பட்டுச் சீட்டு வெளியே வரும். அதில் குறியே இல்லாமல் இருந்தாலும், இருவருக்குக் குறியிட்டிருந்தாலும், வாக்காளர் யாரென்று காட்டும்படி ஏதாவது எழுதியிருந்தாலும் செல்லாது. ஆர்வக் கோளாறில் சீட்டின் மேலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிற படித்தவர்களும் உண்டு.

இதில் சான்றொப்பம்தான் பெரிய தொல்லை. அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் ஒருவரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். தேர்தல் காலத்தில் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் படிவங்களோடு என் அறைக்கு வந்து நிற்பார்கள். பச்சை மையில் கையெழுத்திட்டுப் பள்ளி முத்திரையைக் குத்தி அனுப்புவேன். தலைமையாசிரியரின் அந்தக் கையெழுத்து செல்லுமா என்பதே ஒரு சட்டமன்றத் தொகுதியின் தலைவிதியை ஆட்டிவைக்கும் என்று 2016 வரை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. அந்த ஆண்டு ராதாபுரத்தில் ஐ.எஸ். இன்பதுரை 49 வாக்குகளில் மு. அப்பாவுவை வென்றார். தலைமையாசிரியர்கள் சான்றொப்பமிட்டவை என்பதற்காக 203 தபால் வாக்குகள் எண்ணப்படாமல் ஒதுக்கப்பட்டிருந்தன. வழக்கு மூன்றாண்டு நடந்து, அவற்றையும் எண்ண வேண்டும் என்று 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, எண்ணவும் செய்தார்கள், முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்துவிட்டது. 203 ஆசிரியர்களும் ஊழியர்களும் கெடுவுக்குள் அனுப்பியிருந்தார்கள், படிவத்தை நிரப்பியிருந்தார்கள், தங்களுக்குத் தெரிந்த மேலதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். எந்தப் பதவிக்காரரின் கையெழுத்து செல்லும் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அதை முன்கூட்டியே ஒரு சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருந்தால் வழக்கே வந்திராது.

சில நூறு உறைகளால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு எங்கள் பக்கத்துக் கணக்கையே காட்டலாம். 2021-இல் காட்பாடியில் துரைமுருகன் வென்றது 746 வாக்குகளில். சென்னை தியாகராய நகரில் வித்தியாசம் வெறும் 137. இப்போது, தள்ளுபடியான தபால் வாக்குகளின் எண்ணிக்கையைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், தள்ளுபடியானவை அனைத்தையும் தேர்தல் நடத்தும் அலுவலர் கட்டாயம் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தேர்தல் பணியாளர்கள் சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் பயிற்சி நடக்கும் இடத்தில் அமைக்கப்படும் வசதி மையத்திலேயே வாக்களித்துவிடும் ஏற்பாடும் வந்துவிட்டது. அங்கேயே சான்றொப்பமும் கிடைத்துவிடுவதால் என்னைப் போன்றவர்களின் பச்சை மைக்கு வேலை குறைந்துவிட்டது, நல்லதுதான்.

ராணுவத்தினரின் நிலை வேறு. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையில் படைக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர்களுக்கான வாக்குச்சீட்டு 2016 முதல் மின்னணு முறையில் அனுப்பப்படுகிறது. அந்த முறை முதலில் சோதிக்கப்பட்டது புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில். சீட்டு போவதுதான் மின்னணு; வருவது பழையபடி தபாலில்தான். சீட்டை அச்சிட்டு, குறியிட்டு, சான்றொப்பம் வாங்கி, உறைகளில் ஒட்டி அனுப்பினால், அது எண்ணும் நாள் காலைக்குள் இங்கே வந்தாக வேண்டும். பொதுத்தேர்தலில் இதற்கு நேரம் இருக்கிறது. 2019-இல் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் இடையே ஐந்து வாரம் கிடைத்தது. இடைத்தேர்தலிலும், வேலூரைப் போலத் தனியாக நடக்கும் தேர்தலிலும் கிடைப்பதில்லை. வேலூரில் வேட்பாளர் பட்டியல் ஜூலை 22 அன்று இறுதியானது, ஆகஸ்ட் 9 காலை எண்ணத் தொடங்கினார்கள். பதினெட்டு நாளுக்குள் லடாக்கிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் உறை வந்து சேர வேண்டும். விக்கிரவாண்டியில் 2024 ஜூலை 10 வாக்குப்பதிவு, 13 எண்ணிக்கை. இங்கே வேலூரில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே 8,141 வாக்குகள் இருந்ததால் யாரும் வழியில் நின்ற உறைகளைப் பற்றிக் கேட்கவில்லை. படையினருக்கு இன்னொரு வழியும் உண்டு: தொகுதியில் வசிக்கும் ஒருவரைப் பதிலியாக நியமித்து அவர் மூலம் சாவடியிலேயே வாக்களிக்கலாம். பதிலிக்கு இடது கையின் நடுவிரலில் மை வைப்பார்கள், தன் சொந்த வாக்கை அவர் ஆள்காட்டி விரலில் மை வாங்கிக்கொண்டு தனியாகப் போடலாம். இடைத்தேர்தல் வந்தால் தபாலை நம்புவதைவிட இதுவே மேல் என்பது என் கருத்து. ஆனால் தன் வாக்கைத் தன் கையால் போட வேண்டும் என்று நினைக்கும் ஒரு சிப்பாயிடம் இதை வலியுறுத்த எனக்கு மனம் வருவதில்லை.

கடைசியாக ஒரு ஓட்டை. 12டி படிவம் ஏற்கப்பட்டவுடன் வாக்காளர் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே தபால் வாக்கு என்று குறித்துவிடுவார்கள். அதன் பிறகு அவர் சாவடியில் வாக்களிக்க முடியாது. குழு முதல் முறை வரும்போது அவர் வீட்டில் இல்லையென்றால் மறுபடி ஒருமுறை வரும். அப்போதும் இல்லையென்றால் அத்துடன் முடிந்தது. எண்பத்தைந்து வயதுக்காரர் குழு வரும் இரண்டு நாளிலும் மருத்துவமனையில் இருப்பது அபூர்வமான நிகழ்வு அல்ல. அதன் பிறகு உடம்பு தேறி, வாக்குப்பதிவு நாளில் பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு சாவடிக்கு வந்தாலும் அவரைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். இருமுறை வாக்களிப்பதைத் தடுக்கவே இந்தக் குறி, சரி. ஆனால் இருமுறையும் சீட்டு கொடுக்கப்படாமல் திரும்பியது என்பதற்குக் குழுவின் பதிவேடும் முகவர்களின் கண்ணும் சாட்சியாக இருக்கும்போது, வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் அந்தக் குறியை நீக்கி ஒரு துணைப் பட்டியலைச் சாவடித் தலைமை அலுவலரிடம் கொடுத்துவிட முடியும். இறந்தவர்கள், இடம் மாறியவர்களுக்கான பட்டியலைத் தலைமை அலுவலர் கையில் ஏற்கெனவே கொடுக்கிறார்கள். அதனோடு இன்னொரு தாளைச் சேர்ப்பதற்கு விதியில் ஒரு வரித் திருத்தம் போதும்.